மதர்போர்ட் மாற்றும்போது விண்டோஸ்: திருகோணமலை வீடுகளுக்கான வழிகாட்டி

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அதனால் வீட்டில் எட்டுப் பத்து வருடமாக ஓடும் கணினிக்குப் புது மதர்போர்ட், புரொசசர், ராம் போட்டு, அதோடு விண்டோஸ் 11ஐயும் ஏற்றிவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். பொருத்துவது பெரிய வித்தையல்ல. சிக்கல் வேறு இடத்தில்: சில அலுவல்களைப் பழைய கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் செய்யலாம். கேசிங்கைத் திறந்தபின் ஞாபகம் வந்து பயனில்லை. ஒரு வயர் குறைந்தாலும் கொழும்பிலிருந்து கூரியர் வரும்வரை கணினி மேசையில் பிரிந்து கிடக்கும். ஆகவே கீழுள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள்.

1. விண்டோஸைத் திரும்பப் போடத்தான் வேண்டுமா?

ராம் கூட்டினால் விண்டோஸைத் தொடவே வேண்டாம். கிராபிக்ஸ் கார்ட் மாற்றினால் அதன் டிரைவர் (அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருள்) மட்டும் போதும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டி எனும் வேகமான டிஸ்க்குக்கு மாறுகிறவர்கள் பழையதை அப்படியே முழுப் பிரதி (குளோன்) எடுக்கலாம். பல எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் அதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள்.

மதர்போர்ட் மாறினால் கதை வேறு. விண்டோஸ் 10, 11 இரண்டும் புது போர்டில் பெரும்பாலும் எழும்பிவிடும். எழும்பிவிட்டது என்று அப்படியே விடாதீர்கள். பழைய போர்டின் டிரைவர்கள் உள்ளே தங்கி, தூங்கவைத்த கணினி எழும்பாதது, சத்தம் வராதது, காரணமில்லாமல் நீலத்திரை விழுவது என்று பிறகு வட்டியோடு வாங்கும். சுத்தமாகத் திரும்பப் போடுவதே மேல்.

மதர்போர்ட் அதேதான், ஏஎம்டி புரொசசர் மட்டும் மாறுகிறது என்றால் ஒரு பொறி உண்டு. முதல் தடவை ஓன் செய்ததும் கறுப்புத் திரையில், புது புரொசசர் கண்டுபிடிக்கப்பட்டது, எஃப்டிபிஎம்மை (புரொசசருக்குள் பூட்டுச் சாவிகளை வைத்திருக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதி) அழிக்க Y, வைத்திருக்க N அழுத்து என்று கேட்கும். டிஸ்க் பிட்லொக்கரால் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) பூட்டப்பட்டிருந்து, மீட்புச் சாவி கையில் இல்லாமல் Y அழுத்தினால் டிஸ்க்கிலுள்ள அனைத்தும் போனதுதான்.

2. எதை வாங்கினால் விண்டோஸ் 11 ஏறும்?

இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. ஆனால் அந்த 2000 வரிசையிலேயே 2200ஜி, 2400ஜி இரண்டும் பட்டியலில் இல்லை. பாவித்த பொருள் விற்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். டிபிஎம் 2.0, செக்கியூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடுவது), 4 ஜிபி ராம், 64 ஜிபி டிஸ்க் ஆகியன குறைந்தபட்சத் தேவைகள். 4 ஜிபியில் ஏறும், ஆனால் குரோமில் நாலு பக்கம் திறந்தால் மூச்சுத் திணறும். 8 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். 16 இருந்தால் ஐந்து வருடத்துக்குக் கவலையில்லை.

பழைய 4ஆம், 6ஆம் தலைமுறைக் கணினிக்கு ரூஃபஸ் என்ற மென்பொருளால் இந்தச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றலாம். ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை; வருடாந்தப் பெரிய புதுப்பிப்பை நீங்களே திரும்பக் கையால் போடவேண்டி வரும். வங்கி அலுவல் பார்க்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள் என்பேன். அதற்குப் பதில் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றலாம். செலவில்லை, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும், தரவிறக்கமும் 3 ஜிபி அளவுதான். ஒரே எச்சரிக்கை பிரின்டர்: நம் வீடுகளிலும் கடைகளிலும் அதிகம் காணும் கெனன் எல்பிபி 2900 லினக்ஸில் நன்றாகவே மல்லுக்கட்ட வைக்கும்.

வாங்கும்போது மாட்டும் இடங்கள் இவை:

• புரொசசர் பெயரின் கடைசி எழுத்து. இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5600இல் இல்லை, 5600ஜியில் உண்டு. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் முதல் வகையை வாங்கினால் காற்றாடி சுற்றும், திரையில் எதுவும் வராது.

• மொனிற்றர். பழைய மொனிற்றரில் நீல நிற விஜிஏ மட்டும் இருந்தால், புது போர்டின் பின்பக்கப் படத்தைப் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள்.

• பழைய ராம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தாது. 2025 கடைசியில் உலகமெங்கும் ராம் விலை ஏறியதால், கையிலுள்ள டிடிஆர்4ஐப் பாவிக்கக்கூடிய போர்டைத் தெரிவது இப்போது புத்திசாலித்தனம்.

• எம்.2 எஸ்எஸ்டி (வயரில்லாமல் போர்டிலேயே செருகும் சிறிய தட்டை வகை). பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சாட்டா வகை, என்விஎம்இ வகை என இரண்டு. போர்டின் துளை எதை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 போட்டால் ஒரு சாட்டா வாய் செயலிழக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் தெரியாமல் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

• பயோஸ் (போர்டுக்குள்ளேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) பதிப்பு. பி450 போன்ற போர்ட் நெடுநாள் கடையில் கிடந்ததாக இருந்தால் ரைசன் 5000 புரொசசரை அது அடையாளம் காணாது. விற்கும்போதே பயோஸைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் அதைப் புதுப்பிக்க இன்னொரு பழைய புரொசசர் தேடி அலைய வேண்டிவரலாம்.

3. செலவும் சிட்டையும்

போர்ட், புரொசசர், ராம் மூன்றின் விலையை எல்லோரும் கூட்டிப் பார்ப்பார்கள். விடுபடுபவை வேறு: தேர்மல் பேஸ்ட், எச்டிஎம்ஐ வயர், 16 ஜிபி பென் டிரைவ், யூபிஎஸ் பற்றரி, கூரியர் கூலி. 18 வீத வற் சேர்த்த விலையா, கார்ட்டில் கட்டினால் கூடுதலாகக் கேட்பார்களா என்பதையும் வாய்ப்பேச்சாக விடாமல் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். விலை நாளுக்கு நாள் மாறுவதால் அந்தக் கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்ற திகதியும் அதில் இருக்கவேண்டும்.

திருகோணமலை நகரிலேயே வாங்குவதா, கொழும்பில் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போய் வாங்குவதா? விலை வித்தியாசத்தை மட்டும் பார்க்காதீர்கள். வாரண்டி என்றால் பொருளை வாங்கிய கடைக்கே கொண்டுபோக வேண்டும். போய்வர 500 கிலோமீற்றருக்கு மேல். ஒரு முழு நாளும் பஸ் காசும் போகும். போர்ட், பவர் சப்ளை போன்ற பழுதாகக்கூடியவற்றை இங்கேயே வாங்கி, புரொசசரைக் கொழும்பில் வாங்குவது நல்ல சமரசம். புரொசசர் பழுதாவது அரிது.

சிட்டையைக் கையில் வாங்கியதும் மூன்று விடயம் பாருங்கள்: ஒவ்வொரு பொருளின் தொடரிலக்கமும் எழுதப்பட்டிருக்கிறதா, வாரண்டிக் காலம் என்ன, விதிவிலக்குகள் என்ன. ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் சிட்டைகள் உண்டு. எரிந்த அடையாளம், மின்னல், துரு இருந்தால் வாரண்டி இல்லை என்பதும் அநேகமாக இருக்கும். உப்புவெளி, நிலாவெளி, கடற்கரையோரம் என்று இருப்பவர்களுக்கு இந்தத் துரு என்ற சொல் முக்கியம். கேசிங்கின் பக்க மூடியைக் கழற்றி வைத்து ஓட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உப்புக்காற்று போர்டின் முனைகளை அரித்துவிடும். சிட்டை வெப்பத்தாளில் அச்சானது என்றால் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். அன்றைக்கே போட்டோக்கொப்பி எடுத்து, போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

4. பழைய கணினி ஓடும்போதே முடிக்கவேண்டியவை

கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் வாசிப்பேன் என்றால் இதை வாசியுங்கள்.

முதலில் லைசன்ஸ். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸில் அப்டேட் அன்ட் செக்கியூரிட்டி, 11 என்றால் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். டிஜிட்டல் லைசன்ஸ் மைக்ரோசொப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது என்று வந்தால் நல்லது. இணைக்கப்படவில்லை என்றால் இப்போதே உங்கள் கணக்கால் உள்நுழைந்து இணையுங்கள். கடையில் தனியாக வாங்கிய ரீடெயில் லைசன்ஸ் புது போர்டுக்கு மாறும். கணினியோடு சேர்ந்து வந்த ஓஈஎம் லைசன்ஸ் பழைய போர்டோடு போய்விடும். பழைய கேசிங்கில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இலக்கத்தை நம்பாதீர்கள். அந்த இலக்கத்தால் புது விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் மூடிவிட்டது. புதிதாக வாங்கினால் மைக்ரோசொப்டின் சொந்தக் கடையில் ஹோம் பதிப்பு 139 அமெரிக்க டொலர். அதில் பத்தில் ஒரு பங்குக்கு இணையத்தில் கிடைக்கும் சாவிகள் இன்று வேலைசெய்து நாளை முடங்கக்கூடியவை. இலவசமாக ஆக்டிவேட் செய்து தருகிறேன் என்று கிராக் போடுகிறவர், அன்ரிவைரஸை நிறுத்திவிட்டுத்தான் அதைச் செய்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது அந்தக் கணக்கு. கடவுச்சொல் தெரியுமா? உறுதிப்படுத்தும் குறுஞ்செய்தி போகும் இலக்கம் இப்போது கையிலுள்ள சிம்தானா? மூன்று வருடத்துக்கு முந்திய சிம்மின் இலக்கம் அங்கே கிடந்தால் நீங்கள் வெளியே நிற்கவேண்டியதுதான். வேறொரு போனில் ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள்.

பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓனில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போடாவிட்டாலும் விண்டோஸ் தானாகப் போட்டிருக்கலாம். இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதுங்கள், பிறகு பூட்டை முழுமையாக நீக்குங்கள். நீக்க மணிக்கணக்கு எடுக்கும். முதல்நாள் இரவே தொடங்குங்கள்.

அதன்பின் கோப்புகள். வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் நான்கையும் எடுங்கள். ஒன்டிரைவ் பாவிப்பவர்கள் கவனம்: மேகக் குறி போட்ட கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர் மட்டுமே இருக்கிறது. குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் கூகிள் கணக்கோடு ஒத்திசைந்துள்ளனவா என்றும் பாருங்கள்.

நம்மவர்கள் மறப்பது எழுத்துருக்களை. பாமினியில் தட்டச்சு செய்த பழைய கடிதம், வினாத்தாள், கோவில் நோட்டீஸ் எல்லாம் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, நீங்கள் பின்னர் சேர்த்த தமிழ் எழுத்துருக்களை எல்லாம் பிரதி எடுங்கள்.

கடைசியாக, கொன்ட்ரோல் பனலின் பவர் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டுக் கணினியை முழுதாக அணையுங்கள். இல்லையென்றால் பழைய டிஸ்க் பாதித் தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து பார்த்தால் வாசிக்க மட்டும் விடும், எழுத விடாது.

5. பென் டிரைவ் தயாரித்தல்

விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ கோப்பு (விண்டோஸை ஏற்றத் தேவையான அனைத்தும் அடங்கிய ஒரே கோப்பு) 5 முதல் 8 ஜிபி வரும். பிறகு வரும் புதுப்பிப்பு, டிரைவர் எல்லாம் சேர்த்து 15 ஜிபி டேட்டா ஒதுக்குங்கள். உங்கள் பக்கேஜில் இரவுநேர டேட்டா தனியாக இருந்தால் அப்போது இறக்குங்கள். மைக்ரோசொப்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். நண்பரின் பென் டிரைவில் சுற்றும் திருத்திய பதிப்பு வேண்டாம்.

பென் டிரைவில் ஏற்ற, மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூல், ரூஃபஸ் இரண்டில் எதுவும் சரி. ஐஎஸ்ஓவைத் திறந்து கோப்புகளைக் கையால் பென் டிரைவுக்கு இழுத்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டுவதால் ஃபற்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் ஏறாது. ரூஃபஸில் பார்ட்டிஷன் முறை ஜிபிடி, இலக்கு யூஈஎஃப்ஐ என்று இருக்கவேண்டும்.

இரண்டாவது பென் டிரைவ் ஒன்றில் புது போர்டின் லான், வைஃபை, சிப்செட் டிரைவர்களைத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்து வையுங்கள். இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் என்றால் ரபிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் விரித்துப் போடுங்கள். ஏன் என்பது 8இல்.

6. நாள் பார்த்துத் தொடங்குதல், பொருத்துதல்

நல்ல நேரம் பார்க்கிறீர்களோ இல்லையோ, கடை திறந்திருக்கும் நாளைப் பாருங்கள். ஞாயிறு, போயா வேண்டாம். சனி காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் ஏதும் குறைந்தால் மதியத்துக்குள் ஓடிப்போய் வாங்கலாம். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி பின்னேரத்தில்தான் அதிகம். அதற்கு முன் முடித்துவிடுங்கள். பயோஸ் புதுப்பிக்கும்போது கரண்ட் போனால் போர்ட் செத்துவிடலாம். அதனால் யூபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் கைவைக்காதீர்கள். பற்றரி பழுதான யூபிஎஸ் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். முதல்நாளே சுவர் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள்.

பழைய ராமைத் திரும்பப் போடுவதென்றால் அதன் பொன்னிற முனைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். கடலோரத்தில் அந்த முனைகளில் படலம் பிடிக்கும், கணினி பீப் அடித்துக்கொண்டே நிற்கும். புரொசசருக்கான 8 ஊசி வயரைப் போர்டின் மேல் மூலையில் செருக மறக்காதீர்கள். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் மொனிற்றர் வயர் அதில்தான், போர்டில் அல்ல.

விண்டோஸ் ஏற்றப்போகும் எஸ்எஸ்டியை மட்டும் இணையுங்கள். மற்ற எல்லா டிஸ்க்கின் சாட்டா வயரையும் கழற்றிவிடுங்கள். இது பயத்தினால் அல்ல: பல டிஸ்க் இருந்தால் விண்டோஸ் தன் தொடக்கப் பகுதியைப் பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். ஆறு மாதம் கழித்து அந்த டிஸ்க் பழுதாகும் நாளில் புது எஸ்எஸ்டியும் எழும்பாது.

7. பயோஸில் நான்கு இடங்கள்

ஓன் செய்ததும் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டிருங்கள். உள்ளே, திகதியும் நேரமும் சரியா, சிஎஸ்எம் (பழைய முறையில் எழுப்பும் வசதி) அணைந்திருக்கிறதா, டிபிஎம் (இன்டெலில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருக்கும்) ஓனா, செக்கியூர் பூட் ஓனா. ஒவ்வொரு தடவையும் திகதி பின்னுக்குப் போனால் சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள். திகதி பிழைத்தால் இணையத்தளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். பலர் அதை வைரஸ் என்று நினைத்து மினக்கெடுகிறார்கள்.

பென் டிரைவிலிருந்து எழுப்ப: அசுஸ் எஃப்8, கிகாபைட் எஃப்12, எம்எஸ்ஐயும் அஸ்ரொக்கும் எஃப்11. பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஈஎஃப்ஐ என்ற சொல் உள்ளதைத் தெரியுங்கள்.

8. விண்டோஸை ஏற்றுதல்

மொழிக்கு ஆங்கிலம், விசைப்பலகைக்கு யூஎஸ். சாவி கேட்கும் இடத்தில், சாவி இல்லை என்பதைத் தெரியுங்கள். பழைய டிஜிட்டல் லைசன்ஸைப் பின்னர் மீட்கலாம். ஆனால் பதிப்பைச் சரியாகத் தெரியவேண்டும். பழையது ஹோம் என்றால் இங்கும் ஹோம். புரோ போட்டால் லைசன்ஸ் ஒட்டாது, முழுவதையும் திரும்பச் செய்யவேண்டும்.

டிஸ்க் தெரியும் திரையில்தான் மூன்று சிக்கல்கள்:

டிஸ்க்கே தெரியவில்லை. இன்டெல் போர்ட் என்றால் விஎம்டி என்ற அமைப்பு டிஸ்க்கை மறைக்கிறது. லோட் டிரைவர் அழுத்தி, எடுத்து வைத்த ரபிட் ஸ்டோரேஜ் கோப்புறையைக் காட்டுங்கள். அல்லது பயோஸில் விஎம்டியை அணையுங்கள். அணைப்பதானால் இப்போதே, விண்டோஸ் ஏறியபின் அதை மாற்றினால் எழும்பாது.

எம்பிஆர் அட்டவணை (டிஸ்க்கைப் பிரிக்கும் பழைய முறை) இருப்பதால் ஏற்ற முடியாது என்கிறது. முன்பு பாவித்த டிஸ்க் அது. உள்ளேயுள்ள பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் நீக்கி, வெற்றிடமாக ஒரே வரி வந்ததும் அதையே தெரிந்து நெக்ஸ்ட் கொடுங்கள். கோப்புகளைப் பிரதி எடுத்துவிட்டீர்களா என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டுவிட்டு நீக்குங்கள்.

பாதி ஏறியதும் திரும்ப முதல் திரைக்கே வருகிறது. பென் டிரைவிலிருந்து மறுபடி எழும்புகிறது என்று அர்த்தம். முதல் மறுதொடக்கத்தில் பென் டிரைவைக் கழற்றுங்கள்.

எஸ்எஸ்டியில் இருபது முதல் நாற்பது நிமிடம் போதும். பிறகு நாடு இலங்கை, நேர வலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர. இங்கே இணையம் இல்லாமல் நகர விடாது. வைஃபை தெரியவில்லை என்றால் பதறாதீர்கள்: அன்ட்ரொயிட் போனை யூஎஸ்பி வயரால் இணைத்து, போனில் யூஎஸ்பி டெதரிங்கை ஓன் செய்யுங்கள். டிரைவர் ஏதும் போடாமலே பெரும்பாலும் இணையம் வந்துவிடும். போன் டேட்டாவில் பெரிய புதுப்பிப்பு இறங்கத் தொடங்காமல், உள்ளே போனதும் லான் டிரைவரைப் போட்டு வீட்டு ரவுட்டருக்கு மாறுங்கள்.

9. ஏறியபின்

முதலில் சிப்செட், பிறகு லான், கிராபிக்ஸ், சவுண்ட். மிச்சத்தை விண்டோஸ் அப்டேட் தானே கொண்டுவரும். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடும் மென்பொருட்களைக் கிட்டவும் எடுக்காதீர்கள். டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை என்றால் டிரைவர் வேலை முடிந்தது.

ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் அழுத்தி, அண்மையில் வன்பொருள் மாற்றினேன் என்ற வரியைத் தெரிந்து, பட்டியலில் பழைய கணினியின் பெயரைத் தெரியுங்கள். பிறகு பிட்லொக்கர் நிலையைத் திரும்பப் பாருங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசொப்ட் கணக்கால் உள்நுழைந்ததும் பூட்டு தானாக விழலாம். விழுந்திருந்தால் புது 48 இலக்கச் சாவியையும் எழுதி, சிட்டைப் போட்டோக்கொப்பியோடு ஒரே கோவையில் வையுங்கள்.

தமிழுக்கு, டைம் அன்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையோ ஒலிப்பு முறையோ தெரியலாம். எடுத்து வைத்த எழுத்துருக்களைத் தெரிந்து வலக் கிளிக்கில் இன்ஸ்டால் கொடுங்கள். பழைய பாமினி கடிதம் ஒன்றைத் திறந்து வாசித்துப் பாருங்கள்.

10. பழைய டிஸ்க்

கணினியை அணைத்துவிட்டுப் பழைய டிஸ்க்கின் வயரைத் திரும்பச் செருகுங்கள். பயோஸில் முதலாவதாக எழும்புவது புது எஸ்எஸ்டிதான் என்று பாருங்கள். பழைய கோப்புறையைத் திறக்க அனுமதியில்லை என்று வந்தால் கன்டினியூ கொடுத்துக் காத்திருங்கள். கோப்பு அதிகம் என்றால் பத்து நிமிடமும் ஆகலாம்.

இரண்டு கிழமைக்கு அந்த டிஸ்க்கில் எதையும் அழிக்காதீர்கள். மறந்துபோன ஒரு கோப்பு அதற்குள் கட்டாயம் ஞாபகம் வரும். விற்பதானால் குவிக் ஃபோர்மட் போதாது, கோப்புகளை மீட்டெடுத்துவிடலாம். ஃபோர்மட் திரையில் குவிக் என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு முழுதாக ஓடவிடுங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்குச் சில மணி நேரம் எடுக்கும். மழைக்காலம் என்றால் யூபிஎஸ்ஸில் மாட்டி விடுங்கள்.